பழைய இரும்புக் கடையும் ஊராட்சிச் சட்டமும்



வீட்டு வாசலில் ஒலிபெருக்கி வைத்த சிறு லோரி ஒன்று மெதுவாக ஊர்ந்து வருகிறது. "பேப்பர் லாமா, சூராட் காபார் லாமா" என்று அதிலிருந்து ஒரு குரல் விடாமல் அழைக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பழைய செய்தித்தாளையும், தகர டின்னையும், உடைந்த சைக்கிளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தராசில் வைத்து நிறுத்து, சில வெள்ளியைக் கொடுத்துவிட்டு லோரி போய்விடுகிறது. நமக்கு வேண்டாத பொருள் ஒழிந்தது, கைச்செலவுக்குக் காசும் கிடைத்தது. அதோடு அந்தச் சங்கதியை மறந்துவிடுகிறோம்.

ஆனால் அந்த லோரி எங்கே போகிறது? அந்தப் பொருளையெல்லாம் வாங்கிக் குவிக்கும் கடைக்கு யார் அனுமதி கொடுக்கிறார்கள்? அங்கே கொசு பெருகினால் யாரைக் கேட்பது? களவுபோன பொருள் அங்கே வந்து சேர்ந்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. பழைய இரும்புக் கடைகளை அரசாங்கமும் ஊராட்சி மன்றங்களும் எப்படிக் கட்டுப்படுத்த முற்பட்டன என்ற அந்த வரலாற்றையே இன்று காணவிருக்கிறோம். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்தவர்களுக்கும் இது வேற்றார் கதையல்ல.

பழைய பொருள் வணிகத்தைப் பற்றி ஆட்சியாளர்களுக்கு முதலில் எழுந்த அச்சம், திருட்டைப் பற்றியது. களவாடியவன் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பயனில்லை. அதை வாங்க ஒருவன் வேண்டும். அதிலும் இரும்பு, செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவற்றை உருக்கிவிட்டால், அது யாருடைய பொருள் என்று எவராலும் சொல்ல முடியாது. கோயில் குத்துவிளக்கும் தண்டவாளத் துண்டும் உலைக்குள் போய்விட்டால் அடையாளம் இழந்துவிடுகின்றன. ஆகவே திருடனைத் தேடி அலைவதைவிட, வாங்குகிறவனைக் கணக்கு எழுத வைப்பது எளிது என்று அரசாங்கங்கள் கண்டுகொண்டன. பிரிட்டனில் இதற்கென்று பழைய உலோக வணிகர் சட்டம் 1861ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது.

இந்தத் தந்திரம் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. ரப்பர்த் தோட்டங்களில் ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் களவுபோவதுண்டு. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பார்த்து, அது எந்தத் தோட்டத்தினுடையது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால்தான் ரப்பர் வாங்கும் கடைக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதி வெள்ளைக்காரர் காலத்திலேயே வந்தது. 1998 முதல் அந்த லைசென்சை மலேசிய ரப்பர் வாரியம் வழங்கி வருகிறது. ஒட்டுப்பாலுக்குப் பொருந்திய அதே நியாயம்தான் பழைய இரும்புக்கும் பொருந்தியது.

நம் நாட்டில் இதற்கான முக்கியச் சட்டம் 1946ஆம் ஆண்டில் பிறந்தது. அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. மூன்றரை ஆண்டுக்கால அடக்குமுறையில் நாடே வறண்டு கிடந்தது. துணி இல்லை, அரிசி இல்லை, இயந்திரங்களுக்கு மாற்று உறுப்புகளும் இல்லை. மறுபுறம் இராணுவக் கிடங்குகளில் இருந்த பொருள்கள் நேர்வழியிலும் குறுக்கு வழியிலும் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. எது வாங்கிய பொருள், எது களவுப் பொருள் என்று பிரித்தறிய முடியாத காலம் அது. அந்தச் சூழலில்தான் பழைய பொருள் வணிகர் சட்டம் வந்தது. சட்ட எண் 189 என்ற எண்ணோடு அது இன்றும் வழக்கில் இருக்கிறது.

அச்சட்டத்தின் அடிப்படை எளிமையானது. பழைய பொருள் வாங்கி விற்பவர் லைசென்ஸ் பெற வேண்டும். அதை வழங்குவது ஊராட்சி மன்றமல்ல, போலீஸ். கடைக்காரர் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். என்ன பொருள் வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்பதை அதில் எழுத வேண்டும். போலீஸ் அதிகாரி வந்து கேட்டால் அந்தப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். இதைத் தவிர, திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவின்படி குற்றமாகும். அந்தத் தண்டனைச் சட்டமும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுந்ததுதான்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னால் நம்மில் பலர் தயங்குகிறோம். "நாம் என்ன திருடினோமா?" என்று கோபம்கூட வருகிறது. உண்மையில் அந்தப் பதிவு நேர்மையாக விற்கிறவருக்குக் காவல். நாளைக்கு ஏதாவது விசாரணை வந்தால், அன்று நாம் விற்றது நம் வீட்டுத் தகரம்தான், தொலைபேசிக் கம்பியல்ல என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. பெயர் கேட்காமல், கணக்கு எழுதாமல், இருட்டில் வாங்குகிற கடையைத்தான் நாம் அஞ்சி ஒதுக்க வேண்டும்.

அடுத்த அச்சம் நோயைப் பற்றியது. இது போலீசுக்குரிய வேலையல்ல. ஊராட்சி மன்றங்கள் கதைக்குள் வருவது இங்கேதான்.

கோலாலம்பூரில் 1890ஆம் ஆண்டில் சுகாதார வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. குப்பை அள்ளுவது, சாக்கடை வெட்டுவது, சந்தையைக் கண்காணிப்பது போன்றவை அதன் கடமைகள். இன்றைய மாநகராட்சிக்கு அதுவே வித்து. பின்னர் மற்றப் பட்டணங்களிலும் இத்தகைய வாரியங்கள் எழுந்தன. துர்நாற்றம் வீசும் தொழில், புகை கக்கும் தொழில், எலியும் ஈயும் பெருகும் தொழில் ஆகியவற்றைப் பட்டணத்துக்குள் எங்கே நடத்தலாம், எப்படி நடத்தலாம் என்று விதி செய்வது ஊராட்சியின் பொறுப்பாயிற்று. பழைய பொருள் குவிக்கும் இடங்களும் இந்த வரிசையில் சேர்ந்தன.

ஆனால் இந்த வாரியங்களின் கை பட்டணத்து எல்லையோடு நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்கே சுகாதாரம் துரையின் பொறுப்பு. அவருக்குக் கீழே தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்தனர். கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியது உலகப் புகழ் பெற்ற வரலாறு. அவருடைய பணி பின்னர் தோட்டங்களுக்கும் பரவி, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களின் உயிரைக் காத்தது. மலேரியாக் கொசு சதுப்பிலும் ஓடையிலும் வளர்வது. அதற்குக் கால்வாய் வெட்டினால் போதும். பின்னால் வந்த கொசு வேறு இனம்.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓடை வேண்டாம், குளம் வேண்டாம். ஒரு தகர டின்னில் தேங்கிய மழைத்தண்ணீர் போதும். பழைய டயர் அதற்கு அரண்மனை. டயரை எப்படிப் போட்டாலும் அதன் வளைவுக்குள் தண்ணீர் நிற்கும்; வெயில் படாது; எளிதில் வற்றாது. முட்டை கொசுவாக மாறிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் சாகாமல் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். நூற்றுக்கணக்கான டயர்களை வெட்டவெளியில் அடுக்கி வைத்திருக்கும் கடை, அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடுமையான இரத்தக் கசிவு டிங்கி நம் நாட்டில் 1962இல் பினாங்கில் தலைகாட்டியது. 1970களின் தொடக்கத்தில் அது நாடெங்கும் பரவி உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர் 1975இல், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கொசு வளர இடங்கொடுப்பதே குற்றம் என்று அச்சட்டம் வகுத்தது. அதிகாரிகள் வீட்டு வளாகத்துக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்து சோதிக்கலாம், அபராதம் விதிக்கலாம் என்ற அதிகாரமும் பிறந்தது. இந்தச் சட்டத்துக்குத் தோட்டத்து வேலி தடையல்ல. வெட்டு நின்றுபோன காட்டில் கவிழ்த்து வைக்காமல் விட்ட மங்குகளில் மழைத்தண்ணீர் தேங்கினால், அங்கேயும் ஏடிஸ் வகைக் கொசு முட்டையிடும். பட்டணத்து டயரும் தோட்டத்து மங்கும் கொசுவுக்கு ஒன்றுதான்.

இனி ஊராட்சி மன்றத்தின் அதிகாரம் எப்படி உருவாயிற்று என்பதைப் பார்ப்போம். விடுதலைக்கு முன்னும் பின்னும் பல பட்டணங்களில் ஊராட்சித் தேர்தல்கள் நடந்து வந்தன. 1965ஆம் ஆண்டில், இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய நேரத்தில், அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஒரு தமிழர் என்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டியது. அவர்தான் வழக்கறிஞரும் செனட்டருமான ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே தொடர வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரை. ஆனால் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதை ஏற்கவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கும் என்று அது முடிவு செய்தது. ஒரு மன்றத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமலும், இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருப்பர்.

பழைய இரும்புக் கடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்தச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, லைசென்ஸ் வழங்கும் அதிகாரத்தை ஊராட்சி மன்றத்திடம் கொடுக்கிறது. லைசென்சுக்கு என்னென்ன நிபந்தனை விதிப்பது என்பதை மன்றமே தீர்மானிக்கலாம். ஒரு லைசென்ஸ் மூன்றாண்டுக்கு மேல் செல்லாது. காரணம் கூறாமலே எந்த நேரத்திலும் அதை இரத்துச் செய்யலாம். மன்றம் இயற்றும் துணை விதிகளை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. அதே 1976இல் வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், எந்த நிலத்தில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று வரையறுக்க வழி செய்தது. ஆகவே முறையாக நடக்கும் கடைக்குப் போலீஸ் லைசென்ஸ் ஒன்று, ஊராட்சி லைசென்ஸ் ஒன்று, நிலத்துக்கான அனுமதி ஒன்று என மூன்று கதவுகள் இருக்கின்றன.

மூன்று கதவு இருந்தும் திருட்டுத்தனமான கடைகள் எப்படி முளைக்கின்றன? விவசாய நிலத்தை வாடகைக்கு எடுத்து, நான்கு பக்கமும் தகரம் அடைத்து, உள்ளே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டணத்தில் அதிகாரியின் கண்ணில் படும். செம்பனைக் காட்டுக்கு நடுவே யார் பார்ப்பது? பார்ப்பவர்கள் அங்கே குடியிருக்கும் ஏழை எளியவர்கள்தாம். அவர்களுக்கோ யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாது. மன்றத்தில் தங்கள் வாக்கால் அமர்ந்த உறுப்பினரும் இல்லை. இதுதான் இந்த வரலாற்றில் நம்மை நேராகத் தைக்கும் இடம்.

தோட்டத்துக்குள் ஊராட்சி லோரி குப்பை அள்ள வருவது அரிது. அதனால் அங்கே சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது கடமைகளைச் சுமத்தியிருக்கிறது. லயங்களையும் கால்வாய்களையும் சுத்தமாக வைத்திருக்கவும், குப்பையை அகற்றவும், வாரந்தோறும் குடியிருப்பைப் பார்வையிடவும் நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். லயத்துக்குப் பின்னால் உடைந்த வாளியும் பழைய டயரும் குவிந்து கிடந்தால், "இது நம் தலைவிதி" என்று பேசாமல் இருக்க வேண்டியதில்லை.

அண்டை நாடான சிங்கப்பூரையும் ஒரு பார்வை பார்ப்போம். வீடு வீடாகச் சென்று பழைய பொருள் வாங்குகிறவரை அங்கே "காராங் கூனி" என்று அழைப்பார்கள். கூனி என்னும் மலாய்ச் சொல் நம்முடைய கோணிச் சாக்கின் கோணியோடு உறவுள்ளது. ஜாலான் புசார் பக்கத்தில் இருந்த சுங்கை ரோடு சந்தை, பழைய பொருளுக்குப் பேர்போனது. "திருட்டுச் சந்தை" என்றே அதற்குப் பட்டப்பெயர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நடந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. இடம் வேறு தேவைக்கு எடுக்கப்பட்டது. அங்கே கடை விரித்திருந்த முதியவர்கள் பலருக்கு அதோடு ஒரு வாழ்வு முடிந்தது. ஒழுங்கு வேண்டும் என்பது உண்மை. அந்த ஒழுங்கின் விலையைப் பெரும்பாலும் ஏழைகளே கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

இனி எல்லாவற்றிலும் கொடிய அச்சத்துக்கு வருவோம். அது நஞ்சு. பழைய காலத்துக் குப்பையில் இரும்பும் துணியும் தாளும் இருந்தன. பின்னால் கார் பேட்டரியும், பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பியும், தொலைக்காட்சிப் பெட்டியும், கணினியும் வந்து சேர்ந்தன. பேட்டரிக்குள் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. கம்பியைக் கொளுத்திச் செம்பை எடுத்தால், அதன் புகையில் கொடிய நச்சுப் பொருள்கள் கலந்திருக்கும். ஈயத்தூள் சிறு குழந்தையின் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாத கேடு. அன்றே காய்ச்சல் வராது, அதனால் நாமும் அஞ்சுவதில்லை.

சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. அதன்கீழ் 1989இல் அட்டவணையிடப்பட்ட கழிவுகள் பற்றிய விதிகள் பிறந்தன. 2005இல் அவை திருத்தி எழுதப்பட்டபோது, பழைய பேட்டரியும் மின்னணுக் கழிவும் அப்பட்டியலில் தெளிவாக இடம்பெற்றன. அவற்றைப் பிரித்து உருக்க, சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. பின்கட்டில் கோடரியால் பேட்டரியை உடைப்பது சட்டத்துக்கும் விரோதம், உடம்புக்கும் விரோதம்.

2018ஆம் ஆண்டில் இந்தக் கேடு நம் வாசலுக்கே வந்தது. உலகத்தின் பிளாஸ்டிக் குப்பையை வாங்கிக்கொண்டிருந்த சீனா, அவ்வாண்டுத் தொடக்கத்திலிருந்து கதவை மூடிவிட்டது. மேல்நாட்டுக் குப்பை வேறு துறைமுகம் தேடியது. கிள்ளான் துறைமுகம் வழியாக அது சிலாங்கூரில் கொட்டியது. கோல லங்காட் வட்டாரத்தில், ஜெஞ்சாரோமைச் சுற்றியுள்ள செம்பனை நிலங்களுக்கிடையே, லைசென்ஸ் இல்லாத பிளாஸ்டிக் ஆலைகள் புற்றீசல்போல் கிளம்பின. விலைபோகாத பிளாஸ்டிக்கை இரவில் கொளுத்தினார்கள். மூச்சுத் திணறலும் இருமலும் கண்ட அவ்வூர் மக்கள், முதலில் காரணம் தெரியாமல் தவித்தார்கள். பிறகு தாங்களே தேடி, ஆலைகள் இருந்த இடங்களைக் குறித்து, புகார்மேல் புகார் எழுதினார்கள். அதன் பிறகே அதிகாரிகள் இறங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடினார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன் குப்பையை நம் நாடு வந்த வழியே திருப்பி அனுப்பியது. ஊர் மக்கள் வாய்திறந்ததால் வந்த பலன் இது.

அடுத்த ஆண்டே ஜொகூரில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2019 மார்ச்சில், பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவை யாரோ லோரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பழைய டயரைப் பதப்படுத்தும் ஒரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஒரு லோரிக் கழிவு ஒரு பட்டணத்தையே படுக்க வைத்துவிட்டது.

இதற்கிடையில் அதிகாரமும் கைமாறியிருந்தது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தபோது, கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் குப்பைப் பொறுப்பு ஊராட்சியிடமிருந்து மத்திய அரசாங்கத்துக்குச் சென்றது. சிலாங்கூரும் பினாங்கும் அப்போது அதில் இணையவில்லை. சட்டம் நடப்பில் உள்ள இடங்களில், 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து வைப்பது கட்டாயமாயிற்று. கடைக்கு லைசென்ஸ் வழங்கும் ஊராட்சியின் பொறுப்பு மட்டும் மாறவில்லை.

நேயர்களே, இந்த வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. சட்டங்களெல்லாம் பழைய பொருள் சேர்ப்பவரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தன. ஆனால் எத்தனை தோட்டங்கள் துண்டாடப்பட்டன! லயங்கள் இடிக்கப்பட்டபோது கூரைத் தகரமும், ரப்பர் ஷீட் அடித்த உருளை இயந்திரமும் இரும்பு விலைக்குப் போயின. பட்டணத்துக்கு வந்து வேறு வேலை கிடைக்காதவர்களில் சிலர், அதே இரும்பைச் சேர்த்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தத் தொழிலில் இழிவு ஏதுமில்லை. நாடு எரித்துவிடும் பொருளை மீட்டுக் கொடுப்பவர் நாட்டுக்கு நன்மை செய்பவர். அவருக்கு வேண்டியது கையுறையும், நியாயமான தராசும், அச்சமின்றித் தொழில் செய்ய ஓர் உரிமமும்தான்.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. பழைய பொருளை விற்கும்போது, லைசென்ஸ் மாட்டியிருக்கும் கடையில் விற்போம். பெயரைத் தயங்காமல் எழுதக் கொடுப்போம். பிள்ளைகள் கொண்டுவரும் செம்புக் கம்பி எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்போம். பேட்டரியை உடைக்காமல் முழுதாகக் கொடுப்போம். கம்பியைக் கொளுத்த வேண்டாம். வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவோம். அக்கம்பக்கத்தில் புகையோ நாற்றமோ எழுந்தால், நாளையும் இடத்தையும் குறித்து, ஊராட்சி மன்றத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் கடிதம் எழுதுவோம். படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வோம். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு, படித்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

இரும்புக் கடைக்காரரின் பதிவேட்டில் ஒரு வரி, ஊராட்சி மன்றத்தின் கோப்பில் ஒரு கடிதம். பார்ப்பதற்கு இவை சிறியவை. ஜெஞ்சாரோம் மக்களுக்குக் கைகொடுத்தவை இப்படிப்பட்ட கடிதங்களே.